டயட் ஃபுட் வாங்குவேன்னு சொல்றவங்க கடையில ஏன் வாங்கறதில்ல?

நீங்க எழுதியிருந்தத ரெண்டு தடவ படிச்சேன். ப்ராஜெக்டுக்காக டயட் ஃபுட் பத்தி ஒரு சர்வே எடுத்திருக்கீங்க, "ஆரோக்கியம் எனக்கு முக்கியம்", "டயட் பொருட்கள் வாங்க விருப்பம்"னு போட்ட இடத்துல கிட்டத்தட்ட எல்லாருமே ஆமான்னு டிக் பண்ணிட்டாங்க, ஆனா போன மாசம் அப்படி என்ன வாங்கினீங்கன்னு கேட்ட இடத்துல அதே ஆளுங்க ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்காங்க. எது உண்மை, மக்கள் பொய் சொல்றாங்களா, இல்ல என் கேள்வித்தாள்தான் தப்பான்னு கேக்கறீங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் நீங்க நிஜமா கேக்கறது இதுதான்: ஒருத்தர் டயட் பொருளப் பத்தி மனசுல நினைக்கறதுக்கும், அத எடுத்துட்டுப் போய் பில் போடறதுக்கும் நடுவுல என்ன நடக்குது? அதுக்குத்தான் பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமாவே போகும்.

நான் பதினஞ்சு வருஷத்துக்கு மேல உணவுப் பொருட்களுக்கான நுகர்வோர் ஆய்வுல இருக்கேன். ருசி பார்க்க வெச்சு மார்க் வாங்கறது, எட்டு பத்து பேர உக்கார வெச்சு பேச விடறது, கடைக்குள்ள ஒருத்தர் கூடவே நடந்து அவர் எத எடுக்கறார் எத திரும்ப வெக்கறார்னு குறிச்சுக்கறது, இதெல்லாம்தான் என் வேலை. டாக்டரோ டயட்டீஷியனோ கிடையாது, அதனால எந்தப் பொருள் உடம்புக்கு நல்லதுன்னு நான் சொல்றத மருத்துவ ஆலோசனையா எடுத்துக்காதீங்க. ஏன் வாங்கறாங்க, ஏன் வாங்கலங்கறத பத்தி மட்டும் பேசறேன்.

முதல்ல, யாரும் பொய் சொல்லல. இந்த இடைவெளி உங்க சர்வேல மட்டும் வந்த விஷயமும் இல்ல. 1934லயே லாபியர்னு ஒரு சமூகவியலாளர் ஒரு ஆய்வு வெளியிட்டார், சாப்பாட்டுக்கு சம்பந்தமில்லாதது, ஆனா மனப்பான்மை ஆய்வுல இறங்கற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டியது. சீனர்கள் மேல வெறுப்பு அதிகமா இருந்த காலத்துல ஒரு சீனத் தம்பதியோட அமெரிக்கா முழுக்க சுத்தி, 250 ஹோட்டல், ரெஸ்டாரண்ட் பக்கம் போனார், ஒரே ஒரு இடத்துலதான் உள்ள விடல. அப்புறம் அதே இடங்களுக்கு லெட்டர் போட்டு சீனர்கள சேத்துப்பீங்களான்னு கேட்டப்ப, பதில் போட்டவங்கள்ல 90 சதவீதத்துக்கும் மேல மாட்டோம்னு எழுதினாங்க. லெட்டருக்கு பதில் எழுதினவரும் கவுண்டர்ல நின்னு வரவேத்தவரும் ஒரே ஆள்தானான்னு பின்னாடி நியாயமான சந்தேகம் எழுப்பியிருக்காங்க, அதனால அந்த ஆய்வ வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். ஆனா பேப்பர்ல கேக்கற கேள்விக்கு வர்ற பதிலும் எதிர்ல ஆள் நிக்கறப்ப நடக்கறதும் ரெண்டு வேற சூழ்நிலைங்கறது அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.

இதுக்கு ஒழுங்கான விளக்கம் கொடுத்தவங்க ஃபிஷ்பைன், அய்சன்னு ரெண்டு சமூக உளவியலாளர்கள். 1970கள்ல அவங்க சொன்னது ரொம்ப எளிமையான விஷயம்: பொதுவா ஒரு மனப்பான்மைய அளந்துட்டு அத வெச்சு குறிப்பிட்ட ஒரு செயல கணிக்க முடியாது. "ஆரோக்கியம் முக்கியமா"ங்கறது வானம் அளவு பெரிய கேள்வி, "அடுத்த வாரம் வழக்கமான பிஸ்கட்டுக்கு பதிலா சர்க்கரை இல்லாத பிஸ்கட் வாங்குவீங்களா"ங்கறது கைக்கு அடங்கற கேள்வி. முதல் கேள்வியோட பதில்லேர்ந்து ரெண்டாவது கேள்விக்கு தாவறதாலதான் உங்க கணக்கு உதைக்குது. 1991ல அய்சன் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்ட முழுசா எழுதினப்ப மனப்பான்மையோட இன்னும் ரெண்டு விஷயத்த சேத்து வெச்சார், ஒண்ணு சுத்தி இருக்கறவங்க என்ன எதிர்பார்க்கறாங்கன்னு நாம நினைக்கறது, இன்னொண்ணு இத நம்மால செய்ய முடியும்ங்கற நம்பிக்கை. அந்த மூணும் சேந்து உருவாக்கறதுகூட ஒரு எண்ணம்தான். எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவுல மறதி, அவசரம், பசி, கூட வந்த குழந்தையோட அடம், அலமாரியில ஸ்டாக் இல்லாமப் போறதுன்னு ஆயிரம் இருக்கு. இவ்வளவும் இந்தத் துறையில பெரிசா சண்டை இல்லாத பகுதி, நீங்க தைரியமா எழுதலாம்.

அடுத்தது நான் முக்கியமா சொல்ல நினைக்கற விஷயம், இங்கதான் நிறைய மாணவர்களோட கேள்வித்தாள் தடுமாறுது. ஆரோக்கியத்துல அக்கறை இருக்கறவங்க எல்லாம் டயட் பொருள் வாங்கற ஆளுங்கன்னு நினைச்சுக்கறோம் பாருங்க, அது தப்பு. 1999ல பின்லாந்து ஆய்வாளர்கள் ரோய்னினென், லாட்டேன்மாகி, டுவோரிலா மூணு பேரும் ஆரோக்கியம், ருசி பத்தின மனப்பான்மைய அளக்க ஒரு அளவுகோல் உருவாக்கினாங்க. அதுல ஆரோக்கியப் பக்கத்தயே மூணா பிரிச்சிருக்காங்க: பொதுவான ஆரோக்கிய ஆர்வம், லைட் பொருட்கள் (கொழுப்போ கலோரியோ குறைச்சது) மேல ஆர்வம், இயற்கையான பொருட்கள் மேல ஆர்வம். ருசிப் பக்கத்துல இனிப்புக்கு ஏங்கறது, சாப்பாட்ட தனக்குத் தானே பரிசா கொடுத்துக்கறது, சாப்பிடறதுல கிடைக்கற சந்தோஷம்னு இன்னொரு மூணு. இந்தப் பிரிவு ஏன் முக்கியம்னா, இயற்கையா இருக்கணும்னு நினைக்கற ஆள் டயட் பேக்கெட்டோட பின்பக்கத்துல இருக்கற நீளமான சேர்மானப் பட்டியலப் பார்த்தவுடனே கீழ வெச்சுடுவார். ஆரோக்கியத்துல அவருக்கு அக்கறை ரொம்ப அதிகம், அந்த அக்கறைதான் அவர வாங்கவிடாம பண்ணுது. உங்க சர்வேல அவர் "ஆரோக்கியம் முக்கியம்"க்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டிருப்பார், "வாங்கினேன்"க்கு சைபர். நீங்க அத முரண்பாடுன்னு எழுதுவீங்க, அவருக்கு அதுல எந்த முரண்பாடும் இல்ல.

நேரடியாப் பேசறப்ப இத நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கேன். டயட் ஃபுட்னு சொன்னவுடனே உங்களுக்கு என்ன ஞாபகம் வருதுன்னு கேட்டா ஒருத்தர் எடை குறைக்கறதுன்னு சொல்வார், இன்னொருத்தர் சர்க்கரை வியாதின்னு சொல்வார், மூணாவது ஆள் கெமிக்கல்னு சொல்வார், நாலாவது ஆள் பட்டினின்னு சொல்வார். நாலு பேரும் ஒரே கேள்விக்கு பதில் சொல்ற மாதிரி தெரியும், ஆனா நாலு வேற பொருளப் பத்தி பேசிட்டிருப்பாங்க.

அந்த வார்த்தைக்கு ஒரு வரலாறு இருக்கு, அத தெரிஞ்சுக்காம இந்த மனப்பான்மை புரியாது. சாக்கரின்ங்கற செயற்கை இனிப்ப 1879லயே கண்டுபிடிச்சாச்சு, ஃபால்பர்க்னு ஒரு வேதியியலாளர் கையில ஒட்டியிருந்தது இனிச்சதால தெரியவந்த பொருள். ஆனா டயட் பானம்னு தனியா ஒண்ணு வந்தது 1952ல, நியூயார்க் ப்ரூக்ளின்ல ஹைமன் கிர்ஷ்ங்கறவர் நோ-கால்ங்கற பேர்ல சர்க்கரை நோயாளிகள மனசுல வெச்சு தயாரிச்சார். 1958ல வந்த டயட் ரைட்டும் முதல்ல சர்க்கரை நோயாளிகளுக்கான பொருளாத்தான் வித்தது, 1962லதான் எல்லாருக்குமான பானமா பெரிய அளவுல சந்தைக்கு வந்துச்சு. அதப் பார்த்து 1963ல கோகோ கோலாவோட டாப், 1964ல டயட் பெப்சி, 1982ல டயட் கோக். நோயாளிக்கான பொருளா ஆரம்பிச்சது பத்தே வருஷத்துல ஒல்லியா இருக்க ஆசைப்படற பெண்களுக்கான பொருளா விளம்பரத்துல மாறிடுச்சு. அதோட விளைவு, ஆண்கள் அந்த வார்த்தைய தொடவே தயங்கினாங்க, அதனாலதான் 2005ல கோக் ஜீரோ வந்தப்ப டயட்ங்கற வார்த்தையே இல்லாம இளைஞர்களக் குறி வெச்சு கொண்டுவந்தாங்க. டப்பாக்குள்ள இருந்த அடிப்படை சங்கதி, அதாவது சர்க்கரை இல்லாத இனிப்பு, ஒண்ணுதான், வார்த்தை மட்டும் மாறினதால வாங்கற ஆளும் மாறினாங்க. அதனால உங்க கேள்வித்தாள்ல "டயட்"னு ஒரு இடத்துலயும் "ஆரோக்கியமான"னு இன்னொரு இடத்துலயும் "சர்க்கரை குறைவான"னு வேற ஒரு இடத்துலயும் மாத்தி மாத்திப் போட்டிருந்தீங்கன்னா, பதில்கள ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடவே முடியாது.

சரி, இப்ப ருசிக்கு வர்றேன். நான் வேலை பார்த்த டெஸ்ட்கள்ல ஒரே பொருள பேர் ஒட்டாம ஒரு தடவையும் "லோ ஃபேட்"னு ஸ்டிக்கர் ஒட்டி ஒரு தடவையும் கொடுப்போம், ஸ்டிக்கர் ஒட்டினதுக்கு சில பேர் மார்க்க குறைப்பாங்க, சில பேர் ஏத்துவாங்க. இதுக்கு ஆராய்ச்சியும் இருக்கு. 2006ல ரகுநாதன், நெய்லர், ஹோயர்னு மூணு பேர் எழுதின ஒரு கட்டுரை ரொம்ப பேசப்பட்டது, ஒரு பொருள் உடம்புக்கு கெடுதல்னு சொன்னா அது அதிக ருசியா இருக்கும்னு மக்கள் தன்னையறியாம எடுத்துக்கறாங்க, அப்படி நம்பலன்னு வாயால சொல்றவங்ககிட்டகூட அந்த எண்ணம் வேலை செய்யுதுன்னு அமெரிக்காவுல நடத்தின சோதனைகள்ல காட்டினாங்க. ஆனா 2013ல பிரான்ஸ்ல வெர்ல்னு ஒரு ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் செஞ்சு பார்த்தப்ப நேர் எதிரா வந்தது, அங்க ஆரோக்கியமானதுதான் ருசியா இருக்கும்னு மக்கள் நினைச்சாங்க. அதனால லேபிள் ருசிய மாத்துதுங்கறது உறுதி, எந்தப் பக்கம் மாத்தும்ங்கறது யாரக் கேக்கறோம்ங்கறதப் பொறுத்தது. ஒரு நாட்டு ஆய்வ எடுத்து இன்னொரு நாட்டு மக்கள் மேல அப்படியே வெச்சுடாதீங்க, இது மாணவர்கள் பண்ற ரொம்ப சாதாரணமான தப்பு.

பசியையும் லேபிள் தொடுதுன்னு காட்டற ஒரு ஆய்வும் இருக்கு. 2011ல அலியா க்ரம்ங்கறவரும் மத்தவங்களும் 46 பேருக்கு ஒரே 380 கலோரி மில்க்‌ஷேக்க ரெண்டு வேற நாள்ல கொடுத்தாங்க, ஒரு நாள் 620 கலோரி இருக்கற ஆடம்பரமான ஷேக்னு சொல்லி, இன்னொரு நாள் 140 கலோரிதான்னு அளவான ஷேக்னு சொல்லி. பசியத் தூண்டற க்ரெலின் ஹார்மோன் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு அளந்தப்ப, ஆடம்பரமானதுன்னு நம்பிக் குடிச்ச நாள்ல அது ரொம்ப வேகமா இறங்குச்சு. அளவானதுன்னு நம்பின நாள்ல அப்படி இறங்கல. 46 பேரோட அளவு சின்னதுதான், ஒரே பொருள், ரெண்டே நாள், இத வெச்சு டயட் பொருள் சாப்பிட்டா வயிறு நிறையாதுன்னு சட்டம் போட முடியாது. ஆனா "டயட் சாப்பிட்டா சாப்பிட்ட மாதிரியே இல்ல"ன்னு என்கிட்ட எத்தனையோ பேர் சொன்னத நான் இப்பல்லாம் சாக்குப்போக்குன்னு ஒதுக்கறதில்ல. அவங்க உடம்பு நிஜமாவே அப்படி அவங்களுக்கு சொல்லியிருக்கலாம்.

இந்த இடத்துல முதல் தடவை வாங்கறதையும் ரெண்டாவது தடவை வாங்கறதையும் தனித்தனியா பார்க்கணும். முதல் தடவை வாங்கறது ஆசை, நான் இனிமே இப்படி இருக்கப் போறேன்னு தனக்கே கொடுத்துக்கற வாக்கு. ரெண்டாவது தடவைய முடிவு பண்றது நாக்கும் வயிறும்தான், அப்புறம் விலை. அமெரிக்காவுல ஓலெஸ்ட்ரான்னு கொழுப்பு மாதிரியே ருசிக்கற, ஆனா உடம்பு ஜீரணிக்காத ஒரு பொருளுக்கு 1996ல அனுமதி கிடைச்சது, அதப் போட்ட சிப்ஸ் 1998ல நாடு முழுக்க வந்தப்ப அமோகமா வித்துச்சு. வயித்துவலி, பேதி வரலாம்னு பேக்கெட்லயே எச்சரிக்கை போட வேண்டியிருந்தது, 2000 வாக்குல விற்பனை ஏறக்குறைய பாதியா விழுந்துடுச்சு. வாங்கற எண்ணத்த மட்டும் அளந்திருந்தா அந்தப் பொருள் வெற்றின்னுதான் எந்த சர்வேயும் சொல்லியிருக்கும். நான் பார்த்த வரைக்கும் டயட் பொருட்கள்ல நிறைய தோத்தது இந்த ரெண்டாவது பேக்கெட்லதான்.

அப்புறம் நம்பிக்கை. வாங்காதவங்கள உக்கார வெச்சு பேசவிட்டா கொஞ்ச நேரத்துல யாராவது ஒருத்தர் "எல்லாம் ஏமாத்துங்க"ன்னு சொல்லாம இருக்க மாட்டார், அவர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. ஐரோப்பிய விதிப்படி "லைட்"னு போட அதே வகைப் பொருளவிட 30 சதவீதமாவது குறைவா இருக்கணும், "லோ ஃபேட்"னா திடப் பொருள்ல 100 கிராமுக்கு 3 கிராமுக்கு மேல கொழுப்பு கூடாது, "சுகர் ஃப்ரீ"ன்னா 100 கிராமுக்கு அரை கிராமுக்கு மேல சர்க்கரை கூடாது. மத்த இடங்கள்ல எண்கள் கொஞ்சம் மாறும், முறை இதேதான். இதுல சிக்கல் எங்கன்னா, 500 கலோரி பொருள் 350 ஆனாலே லைட்டுன்னு போட்டுடலாம், ஆனா 350 ஒண்ணும் குறைவான எண் இல்ல. வாங்கறவங்க லைட்ங்கறத "குறைவு"ன்னு படிக்கறாங்க, எழுதினவங்க "முன்ன இருந்ததவிட குறைவு"ன்னு எழுதியிருக்காங்க. இன்னொண்ணு, ஒரு கிராம் கொழுப்புல 9 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்துலயோ சர்க்கரையிலயோ 4. கொழுப்ப எடுத்தா ருசியும் பதமும் போயிடும், அந்த இடத்த நிரப்ப மாவும் சர்க்கரையும் சேத்தா லோ ஃபேட்னு தைரியமா போடலாம், மொத்த கலோரி அவ்வளவா குறைஞ்சிருக்காது. 1990கள்ல ஸ்நாக்வெல்ஸ்னு கொழுப்பில்லாத குக்கீஸ் அமெரிக்காவுல சக்கை போடு போட்டப்ப, கொழுப்பு இல்லதானேன்னு மக்கள் பேக்கெட் பேக்கெட்டா சாப்பிட்டாங்க, அந்த மாதிரி நடந்துக்கறதுக்கே அந்த பிராண்ட் பேர்தான் பேராச்சு. ஒரு தடவ இத புரிஞ்சுகிட்டவர் அப்புறம் உண்மையிலேயே நல்லா பண்ணின பொருளக்கூட நம்ப மாட்டார், அவர குறை சொல்ல எனக்கு மனசு வரல.

லேபிள் நல்லதா இருந்தா அதிகமா சாப்பிடறாங்கங்கற விஷயத்துல ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். நீங்க தேடினா முதல்ல கிடைக்கறது வான்சிங்க்ங்கற உணவுப் பழக்க ஆய்வாளரோட பேர்தான், 2006ல லோ ஃபேட் லேபிள் பத்தி இன்னொருத்தரோட சேந்து எழுதின கட்டுரை எக்கச்சக்கமா மேற்கோள் காட்டப்பட்டது. ஆனா 2018ல அவர் வேலை பார்த்த கார்னெல் பல்கலைக்கழகம் ஆய்வு முறைகேடு நடந்ததா முடிவு பண்ணிச்சு, அவரோட பல கட்டுரைகள இதழ்கள் திரும்பப் பெற்றன. அவர் எழுதின எல்லாமே தப்புன்னு ஆகாது, ஆனா அவர் எண்கள மட்டுமே நம்பி உங்க அறிக்கைய கட்டாதீங்க. அதே கருத்துக்கு வேற ஆளுங்க செஞ்ச ஆய்வு இருக்கு, 2009ல ப்ரோவென்ஷே, பொலிவி, ஹெர்மன் மூணு பேரும் ஒரே குக்கீய சத்தானதுன்னு சொல்லிக் கொடுத்தப்ப பெண்கள் ஏறக்குறைய 35 சதவீதம் அதிகமா சாப்பிட்டதா கண்டாங்க. அது ஆய்வுக்கூடத்துல ஒரே ஒரு வேளை நடந்தது. ஒருத்தர் வீட்டுல மாசக்கணக்குல அப்படியே சாப்பிடுவார்னு இத வெச்சு சொல்ல முடியாது, அத எழுதறப்ப இந்த எல்லைய ஒரு வரி சேத்து எழுதுங்க.

செயற்கை இனிப்பு பயம் பத்தியும் உங்க கேள்வித்தாள்ல ஒரு வரி இருக்குன்னு சொன்னீங்க. அது நியாயமான வரி, ஏன்னா அந்த பயம் மக்களா கற்பனை பண்ணினது கிடையாது. 1969ல அமெரிக்கா சைக்லமேட்ங்கற செயற்கை இனிப்ப தடை பண்ணிச்சு. 1977ல எலிகளுக்கு வந்த புற்றுநோய காட்டி சாக்கரினையும் தடை பண்ணப் பார்த்து, எதிர்ப்பால எச்சரிக்கை லேபிளோட விட்டாங்க, எலிக்கு நடக்கறது மனுஷனுக்கு அப்படி நடக்கறதில்லன்னு தெரிஞ்சு 2000ல அந்த லேபிளயும் எடுத்தாங்க. 2023 மே மாசம் உலக சுகாதார நிறுவனம் எடையக் கட்டுப்படுத்த இந்த இனிப்புகள நம்ப வேண்டாம்னு நிபந்தனையோட ஒரு பரிந்துரை கொடுத்துச்சு, ஏற்கெனவே சர்க்கரை நோய் இருக்கறவங்களுக்கு அது பொருந்தாதுன்னும் சொல்லிச்சு. அதே வருஷம் ஜூலையில அந்த நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அஸ்பர்டேம்ங்கற செயற்கை இனிப்ப "புற்றுநோய் உண்டாக்கக் கூடியதா இருக்கலாம்"ங்கற 2பி பிரிவுல வெச்சது, அன்னிக்கே இன்னொரு நிபுணர் குழு ஒரு நாளைக்கு உடல் எடையில கிலோவுக்கு 40 மில்லிகிராம்ங்கற பழைய வரம்ப மாத்தத் தேவையில்லன்னு சொல்லிச்சு. ஒரே நாள்ல வந்த இந்த ரெண்டு செய்திய ஒரு சாதாரண ஆள் எப்படி எடுத்துக்கணும்னு எதிர்பார்க்கறோம்? முதல் குழு பார்த்தது ஆபத்து இருக்க வாய்ப்பு உண்டாங்கறத, ரெண்டாவது குழு பார்த்தது எவ்வளவு சாப்பிட்டா ஆபத்துங்கறத. இது ரெண்டும் வேற வேறன்னு யாரும் பொறுமையா சொல்லித் தரல. அதனால சந்தேகப்படறவர "விழிப்புணர்வு இல்லாதவர்"னு உங்க அறிக்கையில எழுதிடாதீங்க ப்ளீஸ், பல சமயம் அவர்தான் செய்திய கவனமா படிச்சவர்.

கடைசியா வெட்கம் பத்தி சொல்லணும், சர்வேல பிடிபடவே படாத விஷயம் இதுதான். கடைக்குள்ள ஒரு அம்மா கூட நடந்தேன், அவங்க சம்மதத்தோடதான். எடை குறைக்கற பவுடர் டப்பா ஒண்ண எடுத்தாங்க, ரெண்டு நிமிஷம் படிச்சாங்க, கூடையில வெச்சாங்க, அது மேல பெரிய டிஷ்யூ பேப்பர் கட்ட வெச்சு மறைச்சாங்க. பில் போடற வரிசை நீளமா இருந்தது, வரிசையில நின்னவங்க கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, திரும்பிப் போய் டப்பாவ இருந்த இடத்துலயே வெச்சுட்டு வந்தாங்க. ஏங்கன்னு கேட்டேன். "பில் போடற பொண்ணு என்னை ஒரு பார்வை பார்க்கும்"னு சொன்னாங்க. விலையோ ருசியோ அங்க பேச்சுக்கே வரல. அவங்க என் கேள்வித்தாள்ல வாங்காததுக்கு காரணமா "விலை அதிகம்"னுதான் டிக் பண்ணியிருந்தாங்க, ஏன்னா நான் கொடுத்த விருப்பங்கள்ல வெட்கம்னு ஒண்ணு இல்லவே இல்ல. அது என் தப்பு, அன்னியிலேர்ந்து அத மாத்திக்கிட்டேன்.

சாப்பாடப் பத்தி தானே சொல்றதுல எவ்வளவு விலகல் வரும்னு தெரிஞ்சுக்க 1992ல லிக்ட்மன்ங்கறவரும் குழுவும் செஞ்ச ஆய்வப் பாருங்க, எத்தனை டயட் இருந்தும் எடை குறையலன்னு சொன்ன பத்து பேர ஆராய்ஞ்சப்ப, அவங்க சாப்பிட்டதா சொன்னது நிஜமா சாப்பிட்டதவிட சராசரியா 47 சதவீதம் குறைவா இருந்தது, செஞ்சதா சொன்ன உடல் உழைப்பு 51 சதவீதம் அதிகமா இருந்தது. பத்தே பேர்தான், ஆனா அளந்த முறை உறுதியானது. இத படிச்சுட்டு நிறைய பேர் "பாருங்க எப்படி பொய் சொல்றாங்க"ன்னு சொல்றாங்க, அப்படி படிக்கறது எனக்கு கஷ்டமா இருக்கு. தன் உடம்புக்காக வருஷக்கணக்கா திட்டு வாங்கின ஒருத்தர்கிட்ட என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா அவருக்கு அது தகவல் கேக்கற கேள்வியா காதுல விழாது, குத்தம் விசாரிக்கற கேள்வியாத்தான் விழும். உங்க சர்வேல "ஆரோக்கியம் முக்கியம்"னு எல்லாரும் டிக் பண்ணினதும் இதே விசாரணைக்கு சொன்ன பதில்தான்னு நான் நினைக்கறேன். இந்தக் கடைசி வரி என் அனுபவத்துலேர்ந்து வர்ற அபிப்பிராயம், நிரூபிக்கப்பட்ட முடிவு இல்ல.

இப்ப உங்க ப்ராஜெக்டுக்கு என்ன பண்ணலாம். எடுத்த சர்வேய தூக்கிப் போட வேண்டாம், அந்த இடைவெளியையே உங்க ஆய்வுப் பொருளா ஆக்கிடுங்க. டயட் ஃபுட்ங்கற மொத்த வார்த்தைய விட்டுட்டு ஒரே ஒரு பொருள் வகைய எடுத்துக்கோங்க, பானமா பிஸ்கட்டா தயிரான்னு முடிவு பண்ணி அதுலயே நில்லுங்க. வாங்குவீங்களான்னு கேக்காம கடைசியா எப்ப வாங்கினீங்க, அதுக்குப் பதிலா வழக்கமா எது வாங்குவீங்க, முழுசா சாப்பிட்டு முடிச்சீங்களா, திரும்ப வாங்கினீங்களா, யாருக்காக வாங்கினீங்கன்னு கேளுங்க. யாருக்காகங்கற கேள்விய தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, டயட் பொருள் வாங்கறவரும் சாப்பிடறவரும் பல வீடுகள்ல வேற வேற ஆள், மனப்பான்மைய நீங்க வாங்கினவர்கிட்ட அளந்துட்டு ருசிய சாப்பிடறவர் முடிவு பண்ணிட்டிருப்பார். சில கேள்விகள "உங்கள மாதிரி ஒருத்தர் ஏன் வாங்க மாட்டார்னு நினைக்கறீங்க"ன்னு மூணாவது ஆள் மேல வெச்சு கேளுங்க, தன்னப் பத்தி சொல்லக் கூசறத அடுத்தவர் பேர்ல சொல்லிடுவாங்க. இந்த முறையிலயும் ஒரு ஓட்டை இருக்கு, சில பேர் நிஜமாவே அடுத்தவரப் பத்தித்தான் சொல்வாங்க, அதனால இத துணைக்கு மட்டும் வெச்சுக்கோங்க. முடிஞ்சா ரெண்டு வாரத்து பில்ல எடுத்து வெக்கச் சொல்லுங்க, இருபது பேர் கொடுத்தாலும் போதும், இருநூறு டிக் மார்க்கவிட அது அதிகம் பேசும். உங்க நண்பர்களும் அவங்க நண்பர்களும்தான் பதில் சொல்லியிருக்காங்கன்னா அத அறிக்கையோட முதல் பக்கத்துலயே சொல்லிடுங்க, சதவீதத்த பொதுமக்களோட சதவீதம்னு எழுதாதீங்க.

அப்புறம், ரெண்டு விதமா பதில் சொன்ன அந்த ஆளுங்கள்ல ஒரு பத்து பேர திரும்ப போய் பாருங்க. உங்க பதில் ஏன் ஒத்து வரலன்னு கேட்டுடாதீங்க, உடனே வாய மூடிப்பாங்க. கடைசியா ஒரு டயட் பேக்கெட்ட கையில எடுத்துட்டு திரும்ப வெச்ச நாள் ஞாபகம் இருக்கா, அன்னிக்கு கூட யார் இருந்தாங்கன்னு மட்டும் கேட்டுட்டு அவங்கள பேச விடுங்க. அவங்க சொல்றத அப்படியே எழுதிட்டு வந்து இங்க போட்டீங்கன்னா, கேள்வித்தாள எப்படி மாத்தலாம்னு நானும் கூட உக்காந்து பார்க்கறேன்.